தரையிலிருந்து எழுந்திருக்கிற பலம்

2022, மாசி மாதம். பக்கத்து ஊரில் ஒரு துட்டி வீடு, சாவு விழுந்த வீடு. பெண்களெல்லாம் பட்டாசலில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தோம், எனக்கு அப்போது 64 வயது. இரண்டு மணி நேரம் இருக்கும், அழுதவர்கள் அழுது ஓய்ந்து, பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்கள் திரும்பி வருகிற மேளச் சத்தம் தெருவில் கேட்டதும் எல்லாரும் எழுந்து வழி விட்டார்கள். நானும் எழப் பார்த்தேன். முடியவில்லை. வலது கையை ஊன்றி, ஒரு முட்டியை மடக்கி, பாதி உயரத்துக்கு வந்ததும் தொடை இரண்டும் கிடுகிடுவென்று நடுங்கி மறுபடியும் பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிளஸ் டூ படிக்கிற வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் ஓடி வந்து ஆளுக்கொரு அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினார்கள். "மெதுவா ஆச்சி, மெதுவா" என்று ஒரு பிள்ளை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஆச்சி என்றதில் எனக்கு வருத்தமே இல்லை, பேரன் பேத்தி எடுத்தவள்தானே. ஆனால் என் உடம்பை நானே தரையிலிருந்து தூக்க முடியவில்லை என்றால் நாளைக்கு வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் விழுந்தால் என்ன செய்வேன்? வீட்டுக்கு வரும்வரை ஆட்டோவில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

எப்படி இந்த நிலைக்கு வந்தேன் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வயதுப் பெண்கள் நிறையப் பேர் இதே வழியில்தான் வருகிறார்கள்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். 38 வருஷம். டிரங்க் கால் காலத்தில் சேர்ந்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து செய்த வேலை. ஆனாலும் கல்லிடைக்குறிச்சியிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்கு செங்கோட்டை பாசஞ்சரில் தினமும் போய் வருகிற அலைச்சல் இருந்தது, ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாகப் போவது, பிளாட்பாரப் படி ஏறி இறங்குவது, வீட்டுக்கு வந்து அடுக்களை வேலை. அதுதான் கால்களைக் காப்பாற்றி வைத்திருந்தது என்று அப்போது தெரியவில்லை. 2018ல் ரிட்டயர் ஆனேன். அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். அதற்கப்புறம் எனக்கு வெளியே போகக் காரணமே இல்லாமல் போயிற்று.

2021ல் ஒரு நாள் காலை, அங்கணத்தில் பாத்திரம் தேய்த்துவிட்டுத் திரும்பும்போது ஈரத்தில் கால் வழுக்கியது. விழும்போது இடது கையை ஊன்றினேன், மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்ட டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்: "நின்ற உயரத்திலிருந்து விழுந்ததுக்கே உடைஞ்சிருக்கே, மாதவிலக்கு நின்னு எத்தனை வருஷம் ஆச்சு?" பிறகுதான் எலும்பு அடர்த்தியைப் பார்க்கிற டெக்ஸா ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். அதில் டி ஸ்கோர் என்று ஓர் எண் வரும், மைனஸ் 1 வரை சரி, மைனஸ் 2.5க்கு வந்துவிட்டாலோ அதற்கும் கீழே போனாலோ எலும்புத் தேய்வு, அதாவது ஆஸ்டியோபொரோசிஸ், என்று கணக்கு. எனக்கு முதுகெலும்பில் மைனஸ் 2.7. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடுவதால் அடுத்த சில வருஷங்களில் பெண்களுக்கு எலும்பு வேகமாகக் கரைகிறது, வலி ஏதும் காட்டாமல் கரைகிறது, பல பேருக்கு மணிக்கட்டு உடையும்போதுதான் முதல் செய்தி வருகிறது. மணிக்கட்டு உடைந்தவளுக்குப் பின்னால் இடுப்பெலும்பும் உடையும் ஆபத்து கூடுதல் என்றும் அவர் சொன்னார். மாத்திரையும் எழுதினார், அதை இன்றுவரை விடாமல் எடுக்கிறேன். நடந்தால் போதும், மருந்து எதற்கு என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

கட்டுப் பிரித்தபிறகு பிள்ளைகள் என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். மகன் ஒரு ரெக்லைனர் நாற்காலி வாங்கிப் போட்டான். மருமகள் "நீங்க சும்மா உக்காருங்கத்தை, நான் பாத்துக்கிடுதேன்" என்று வாரியலைக்கூடக் கையிலிருந்து வாங்கிவிடுவாள். நல்ல பிள்ளை, மனசார சொன்னதுதான், இன்றைக்கும் அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. காபி கைக்கு வரும், தட்டு கைக்கு வரும், டிவி ரிமோட் கைக்கு வரும். எட்டு மாதம் அப்படி இருந்தேன். எட்டு மாதத்தில் தொடைச்சதை வற்றி, சேலை கட்டும்போது எனக்கே தெரிந்தது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நடக்காமல் இருந்தேன், நடக்காததால் கால் பலம் போய், பலம் போனதால் விழுகிற ஆபத்து இன்னும் கூடிப்போனது. அன்பில்தான் உட்கார வைத்தார்கள், நானும் சுகமாகத்தான் உட்கார்ந்தேன்.

அப்புறம்தான் துட்டி வீடு.

மறுவாரமே அம்பாசமுத்திரத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டைப் போய்ப் பார்த்தேன். சின்னப் பெண், என் மகளைவிட இளையவள். மெஷின் எதுவும் வைக்கவில்லை. கை வைக்காத ஒரு சாதாரண நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, "இரண்டு கையையும் குறுக்கே மடக்கி நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கம்மா, முப்பது விநாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து நின்று உட்கார முடியுதுன்னு பாப்போம்" என்றாள். ஆறு. ஆறாவது தடவையில் மூச்சு வாங்கியது. 60லிருந்து 64 வயதுப் பெண்ணுக்கு 12க்குக் கீழே வந்தால் குறைவு என்று அர்த்தமாம், 65லிருந்து 69க்குள் என்றால் 11, 70லிருந்து 79 வரை 10. நான் பாதியில் இருந்தேன். வீட்டில் இதைச் செய்துபார்க்கப் பணம் காசு வேண்டாம், நாற்காலியும் கடிகாரமும் போதும், பக்கத்தில் மட்டும் ஒரு ஆளை நிற்க வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் சொல்லிக்கொடுத்ததும் அதே நாற்காலிதான். காலையில் பத்து, சாயங்காலம் பத்து. எழும்போது பாதத்தை முட்டிக்குச் சற்று உள்ளே இழுத்து வைத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வருகிற அளவுக்கு முன்னால் சாய்ந்து, குதிகாலை அழுத்தி எழ வேண்டும், உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும். மெதுவாக இறங்குவதும் தொடைக்கு நல்ல வேலை என்று அவள் சொன்னாள், உண்மைதான், முதல் வாரம் தொடை எரிந்தது. முதலில் கையை ஊன்றித்தான் எழுந்தேன், மூன்றாவது வாரம் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டேன், சித்திரை பிறக்கும்போது கையை எடுத்துவிட்டேன். அப்புறம் அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது. சோறு பொங்கி வருகிற வரைக்கும் ஒற்றைக்காலில் நிற்பது, ஒரு கை மேடையில். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தோளுக்கு மேலே தூக்குவது. கடைசியாகத்தான் தரையில் உட்கார்ந்து எழுகிற வேலை, அதுவும் கட்டில் பக்கத்தில், கட்டிலைப் பிடித்து. முட்டித் தேய்மானம் அதிகம் இருப்பவர்கள் குந்தி உட்காருவதைக் கட்டாயப்படுத்தக் கூடாது, நாற்காலி அளவே போதும் என்று அவளே சொன்னாள். எலும்புத் தேய்வு இருக்கிற என்னை மாதிரி ஆட்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: கீழே கிடப்பதை எடுக்கும்போது முதுகை வில்லாக வளைக்கக் கூடாது, இடுப்பில் மடங்கி, முட்டியை மடக்கி இறங்க வேண்டும். தண்ணீர்க் குடத்தை முதுகை வளைத்துத் தூக்கி நடுமுதுகெலும்பு நசுங்கிப்போனவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு, அவர்கள் அதை வாயுப்பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடை போதாதா என்று கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 150லிருந்து 300 நிமிஷம் மிதமான வேகத்தில் உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று இருக்கிறது, ஆனால் அதோடு நிற்கவில்லை, வாரத்தில் 2 நாளாவது தசைக்குப் பலம் தருகிற பயிற்சி, 3 நாளாவது தடுமாறாமல் நிற்கவும் திரும்பவும் பழக்குகிற பயிற்சி என்றும் சேர்த்துச் சொல்கிறது. நம் ஊரில் இந்தப் பின்பாதியை யாரும் பெண்களுக்குச் சொல்வதில்லை. "வாக்கிங் போங்கம்மா" என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

நடையும் எனக்குப் பிடிக்கும், அதை விடவில்லை. காலை ஆறு மணிக்குக் கன்னடியன் கால்வாய்க் கரையில் நடப்பேன். பிசானத்துக்கு நாற்று நட்டிருக்கிற சமயத்தில் வயல் முழுக்கப் பச்சை, அதற்கு மேலே பொதிகை மலை, ஆனி ஆடியில் மலையிலிருந்து சாரல் தூவும்போது சேலைத் தலைப்பை மூடிக்கொண்டு நடக்கிற சுகத்தை எந்த மாத்திரையும் தராது. மண்பாதை, மேடு பள்ளம் இருக்கும், பாதத்துக்கு அது நல்ல பழக்கம்தான், ஆனால் செருப்பு முக்கியம். பின்பக்கம் வார் உள்ள செருப்பாக இருக்க வேண்டும், ஹவாய் செருப்போடு வராதீர்கள்.

என்னோடு நடக்க வந்தது எதிர்வீட்டு மைனி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், பதினைந்து வயதில் சுளவை, அதாவது முறத்தை, மடியில் வைத்தவர், ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் பீடி சுற்றியிருக்கிறார். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. இலையை வெட்டி, தூளை வைத்துச் சுற்றி, நூலைக் கட்டி, தலையை மடக்கி, நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் ஒரே இருப்பு. எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டில் பிள்ளைகள் படித்ததும் கல்யாணமானதும் அந்தச் சுளவில்தான். மைனிக்குக் கழுத்து இப்போது ஒரு பக்கம் திரும்பாது. "நாம என்ன சும்மாவா இருந்தோம், வேலை பாத்துக்கிட்டேதான இருந்தோம், பெறகு ஏன் ஒடம்பு இப்பிடி ஆச்சு?" என்று ஒருநாள் கேட்டார். நல்ல கேள்வி. வேலை பார்த்தது கையும் கண்ணும், இடுப்புக்குக் கீழே உடம்பு தூங்கிக்கொண்டிருந்தது. ஹெட்செட் மாட்டிய எனக்கும் சுளவு வைத்த மைனிக்கும் அதில் வித்தியாசம் இல்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் காரமாகவே சொல்கிறேன். நம் வீட்டுப் பெண்கள் கடைசியில் சாப்பிடுகிறவர்கள். கறி முட்டை எல்லாம் பிள்ளைகளுக்கும் ஆம்பிளைகளுக்கும் வைத்துவிட்டு, சட்டியில் ஒட்டியிருக்கிற குழம்பு, ரசம், ஒரு ஊறுகாய்த் துண்டு. வயதானால் இன்னும் மோசம், "ராத்திரிக்கு ரெண்டு இட்லி போதும்ளா" என்று நிறுத்திக்கொள்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கில் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் வேண்டும், 55 கிலோ இருக்கிற எனக்கு 46 கிராம் வரும். தசை கரைகிற வயதில் கிலோவுக்கு 1 கிராமாவது வேண்டும் என்று சொல்கிற நிபுணர்களும் உண்டு. ஒருநாள் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைக் கூட்டிப் பார்த்தேன், 30கூடத் தேறவில்லை. அப்புறம் எப்படித் தொடையில் சதை நிற்கும்?

இதற்கு டப்பாப் பவுடர் வாங்க ஓட வேண்டியதில்லை. நம் ஊர் உளுந்தஞ்சோறு இருக்கிறது. தோல் உளுந்தை வறுத்து, அரிசி, தேங்காய்ப்பூ, பூண்டு, வெந்தயம் சேர்த்துக் குழைய வடித்து, தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். உளுந்தில் 100 கிராமுக்கு 24 கிராம் போலப் புரதம், எள்ளில் கால்சியம். வாரம் இரண்டு நாள் எனக்கு அதுதான் மதியச் சாப்பாடு. பெரிய மனுஷியானபோது எனக்கு எங்கம்மா உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது, கருப்பட்டிப் பாகில் மாவைக் கொட்டி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டி, குழி பறித்து அதில் நல்லெண்ணெயை ஊற்றி, "முழுங்கு, இடுப்புக்கு பலம்" என்று பக்கத்தில் நின்று தின்ன வைத்தார். பதிமூன்று வயதில் அத்தனை கவனிப்பு, மாதவிலக்கு நின்றபோது யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இப்போது எனக்காக நானே கிண்டிக்கொள்கிறேன். சர்க்கரை உள்ளவர்கள் கவனியுங்கள், கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும், கருப்பட்டி என்றால் பரவாயில்லை என்று அள்ளிப் போடக் கூடாது. மற்றபடி தினமும் ஒரு முட்டை, சாளை மீனோ நெத்திலியோ கிடைக்கிற நாளில் அது, இல்லையென்றால் சுண்டல், மோர், முருங்கைக்கீரை. மாதவிலக்கு நின்றவர்களுக்குத் தினம் 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும், 100 கிராம் கேப்பையில் 340க்கு மேல் இருக்கிறது, அதனால் காலையில் கேப்பைக் கூழ். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, பேசக் கூச்சப்படுகிற ஒன்றைப் பேசுகிறேன். இருமினால், தும்மினால், சிரித்தால் சொட்டு மூத்திரம் போய்விடுகிறது என்பது என் வயதுப் பெண்கள் நிறையப் பேருடைய ரகசியம். இதற்குப் பயந்தே கல்யாண வீட்டுக்குப் போவதில்லை, பஸ் ஏறுவதில்லை, காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. தண்ணீர் குடிக்காததால் மூத்திரக் கடுப்பும் சேர்ந்துகொள்ளும். மைனி ஒரு வருஷம் ஊர்க்கோவிலைத் தாண்டி எங்கும் வராததற்குக் காரணம் இதுதான் என்று கால்வாய்க் கரையில் நடக்கும்போதுதான், அதுவும் மூன்று மாதம் பழகியபிறகு, என்னிடம் சொன்னார். மூத்திரத்தை அடக்குகிற மாதிரி அந்த இடத்துச் சதையை உள்ளே இழுத்துச் சில விநாடி பிடித்து விடுவது, ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை, இவ்வளவுதான் பயிற்சி, மூச்சை அடக்காமல் செய்ய வேண்டும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும். மைனிக்குப் பெரும்பாலும் சரியாகிவிட்டது. சரியாகாதவர்கள், அடி இறங்கின மாதிரி, அதாவது கர்ப்பப்பை கீழே இறங்கின மாதிரி இருப்பவர்கள், பெண் டாக்டரிடம் சொல்லுங்கள், வைத்தியம் இருக்கிறது. இன்னொன்று, இதைச் சத்தமாகவே சொல்கிறேன்: மாதவிலக்கு நின்று ஒரு வருஷத்துக்கு மேலானபிறகு ஒரு பொட்டு ரத்தம் பட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சூடு என்று சொல்லி வெந்தயம் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். என் சின்னம்மை அப்படி ஆறு மாதம் இருந்தார். அந்த ஆறு மாதத்தை யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

இதுவரை உடம்பைச் சொன்னேன். 2023 ஆடிக்கொடை சமயம் வேறொன்று நடந்தது.

எங்கள் பக்கத்து அம்மன் கோவில் கொடைக்கு முளைப்பாரி போட்டிருந்தார்கள். ராத்திரி முளைப்பாரியை நடுவில் வைத்துப் பெண்கள் கும்மியடிப்பார்கள். நான் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் நான் நன்றாகக் கும்மியடிப்பேன், கால் தானாகத் தரையைத் தட்டியது. அதைப் பார்த்துவிட்டு, 80 வயதைத் தாண்டிய ஆச்சி ஒருத்தி, காலமெல்லாம் வயல் வேலை பார்த்த உடம்பு, வட்டத்திலிருந்து வெளியே வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் தயங்கினேன். பின்னால் யாரோ, "அவ புருஷன் போனவல்லா, அவளைப் போயி இழுக்கியே" என்றது தெளிவாகக் கேட்டது. ஆச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு அவரு போயி நாப்பது வருஷம் ஆச்சு. அம்மனுக்குக் கும்மியடிக்க அவருகிட்ட சீட்டு வாங்கணுமா? வாளா நீ" என்று இழுத்துக்கொண்டு போய் வட்டத்தில் நிறுத்திவிட்டாள்.

நாலு வருஷமாக நான் பூ வைக்கவில்லை, நல்ல காரியத்தில் முன்னால் நிற்கவில்லை, வாய்விட்டுச் சிரித்தேனா என்றே ஞாபகமில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை, நானாகவே மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன், அது சரி என்றே எல்லாரும் இருந்தார்கள். அன்றைக்கு இடது காலை எடுத்து வைத்து, குனிந்து தட்டி, நிமிர்ந்து தட்டி, பக்கத்தில் இருப்பவள் கையில் தட்டித் திரும்பி, இரண்டாவது சுற்றிலேயே பாட்டு வாயில் தானாக வந்தது, நடுவில் யாரோ குலவையிட்டார்கள், நானும் இட்டேன். வீட்டுக்கு வந்து படுத்தபிறகும் உள்ளங்கை இரண்டும் சூடாக இருந்தது. அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதேன், துக்கத்தில் இல்லை.

அடுத்த மாதம் பிசியோதெரபிப் பெண்ணிடம் கும்மியடித்துக் காட்டினேன். அவள் எழுந்து நின்று பார்த்தாள். "அம்மா, எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாத்துறீங்க, பக்கவாட்டில் அடி வைக்கிறீங்க, திரும்புறீங்க, பாட்டும் பாடுறீங்க. நான் சொல்லிக்கொடுக்கணும்னு நெனச்ச பேலன்ஸ் பயிற்சி எல்லாம் இதுக்குள்ள இருக்கு" என்றாள். குனிகிற இடத்தில் மட்டும் முதுகை வளைக்காமல் இடுப்பில் மடங்கும்படி திருத்தினாள். அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் கோவில் முன்னால் இருக்கிற மண் தரையில் கும்மி. முதலில் நாலு பேர், இப்போது பதினாலு பேர். அப்பளம் இடுகிற வீட்டுப் பெண்கள், பீடி சுற்றுகிறவர்கள், ரிட்டயர் ஆன டீச்சர் ஒருவர், மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறவர்கள், முடிந்து போகும்போது அந்த முகம் இருக்காது. புருஷன் போனவர்கள் எங்களில் எட்டுப் பேர். பாட்டுக்கு ஆச்சிதான். ஒரு பாட்டை ஒருத்தி மறந்தால் இன்னொருத்தி எடுத்துக் கொடுப்பாள், மூளைக்கும் அது வேலைதான்.

பலம் வந்தது எப்போது எனக்கே தெரிந்தது என்றால் அந்த டிசம்பரில். 2023 டிசம்பர் 17, 18, நம் மாவட்டத்தையும் தூத்துக்குடியையும் புரட்டிப் போட்ட மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் திறந்த தண்ணீரோடு தாமிரபரணி இரண்டு கரையும் தொட்டு, செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு போன சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்டது. கரண்ட் இல்லை. மகனும் மருமகளும் வெளியூரில். தெருவில் தண்ணீர் ஏறுகிறது என்று சத்தம் வந்ததும், அரிசி டின்னையும் மாத்திரை டப்பாவையும் துணிமூட்டையையும் நானேதான் மச்சுக்கு ஏற்றினேன், ஐந்து தடவை ஏறி இறங்கினேன், அப்புறம் மைனியைக் கைப்பிடித்து மேலே கூட்டி வந்தேன். தண்ணீர் கடைசியில் எங்கள் வாசல்படி வரை வந்து நின்றுவிட்டது. விடியும்வரை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மைனியும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். எட்டு மாதம் ரெக்லைனரில் கிடந்த அந்தக் காலில் நான் அன்று படி ஏறியிருக்க முடியாது.

வீட்டில் செய்த மாற்றங்கள் சிலதைச் சொல்லிவிடுகிறேன். அங்கணத்திலும் பாத்ரூமிலும் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. வழுக்கும் பழைய மிதியடிகளைத் தூக்கிப் போட்டாயிற்று. கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் ராத்திரி முழுக்க ஒரு சின்ன பல்பு. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள் என்பதால் ராத்திரி எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுவேன், சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். அந்த மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவம் என்கிற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், பிரஷரும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கண்ணில் புரை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், படியின் விளிம்பு தெரியாமல் விழுகிறவர்கள் நிறைய.

மாதத்தில் ஒரு நாள் பாபநாசம் போவோம். 2021லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது எங்கள் கூட்டத்துக்குப் பெரிய வரம், யாரிடமும் காசு கேட்க வேண்டியதில்லை, காரணம் சொல்ல வேண்டியதில்லை. கட்டுச்சோறும் துவையலும் கட்டிக்கொண்டு போய், கோவில் படித்துறையில் உட்கார்ந்து பொரி போட்டால் மீன்கள் மொய்த்துக்கொண்டு வரும். கம்பியைப் பிடித்து இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று முங்கி எழுந்தால் மலைத் தண்ணீரின் குளிர்ச்சி உச்சந்தலையில் ஏறும். போன மாதம் மைனி முதல்முறையாக வந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தார், ஒரு பாட்டில் தண்ணீரையும் முழுசாகக் குடித்திருந்தார்.

இப்போது எனக்கு 67. நாற்காலிக் கணக்கு 14. போன வருஷம் மறுபடி எடுத்த ஸ்கேனில் மைனஸ் 2.4, மருந்தும் சாப்பாடும் பயிற்சியும் சேர்ந்து செய்தது என்று டாக்டர் சொன்னார். மருமகள் இப்போது "உக்காருங்கத்தை" என்பதில்லை, காய்கறிப் பையைக் கையில் கொடுத்து "பாத்துப் போயிட்டு வாங்கத்தை" என்கிறாள். வெள்ளிக்கிழமை கும்மிக்குப் பேத்தியும் வருகிறாள்.

நேற்று சாயங்காலம் மைனி எங்கள் வீட்டுக்கு வந்து, கேட்காமலே நாற்காலியைச் சுவரோடு இழுத்துப் போட்டார். ஆவணியில் தொடங்கும்போது ஐந்துதான் வந்தது அவருக்கு. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். கையை நெஞ்சில் மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். முப்பது விநாடி முடிந்தபோது நின்றுகொண்டிருந்தார்.

"பத்து மைனி."

"சரியா எண்ணுனியா? எனக்காகக் கூட்டிச் சொல்லாத."

"சத்தியமா பத்து."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அப்புறம் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்து கையை மடக்கிக்கொண்டார். "எங்க, இன்னொரு தடவை எண்ணு பாப்போம்."